உங்களுக்குத் தெரியுமா? ஈப்போவில் எடுத்த ‘டேலன்டைம்’

யாஸ்மின் அகமது இயக்கி 2009-இல் வெளிவந்த ‘டேலன்டைம்’ மலேசியாவின் ஈப்போவில் எடுக்கப்பட்ட காதல் படம். கதை ஒரு பள்ளியின் கலைத்திறன் போட்டியைச் சுற்றியது. ஆனால் நாயகன் மகேஷுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. பியானோ வாசித்துப் பாடும் மெலூரை ஒத்திகைக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிவருபவன் அவன். கேட்டதற்குப் பதிலே இல்லாததால், திமிர் பிடித்தவன் என்று அவள் முதலில் கோபப்படுகிறாள். பாட்டையே கேட்க முடியாதவன் பாடகிக்கு எப்படி உந்துதலாவான், இது கண்ணீர் வரவழைக்கும் உத்திதானே என்று கேட்கலாம். அதற்கு இறுதிச் சுற்றே பதில். மகேஷின் தாய் காதலை எதிர்த்தபின் மேடையேறும் மெலூர், பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிடுகிறாள். குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. காதலுக்குத் தடை வந்துவிட்டது, அவ்வளவுதான். அப்படியானால் அவளைப் பாடவைத்தது பரிசோ கைதட்டலோ அல்ல.

தமிழர் எடுக்காத படம் நம் படமாகுமா என்றால், தயங்காமல் ஆகும் என்பேன். மகேஷ் வீட்டில் ஒலிப்பது தமிழ். உடன்பிறந்தவனை அவன் கல்யாண நாளன்றே பறிகொடுத்த அந்தத் தாயை வில்லியாக்காமல், அவள் பிடிவாதத்துக்குப் பின்னாலுள்ள துக்கத்தையும் யாஸ்மின் காட்டினார். படம் வெளிவந்த அதே ஆண்டு ஜூலையில் அவர் காலமானார். இதுவே அவருடைய கடைசி முழுநீளப் படம்.