ஆடு தொடாத இலை. தறிக்காரர் மூச்சுக்குத் துணை

கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி, சோமனூர் சுற்றுவட்டாரத்தில் தோட்டமும் விசைத்தறியும் சேர்ந்தே நடக்கும் குடும்பங்கள் பல. தறிக்கூடம், நூற்பாலை, கழிவுப்பஞ்சு ஆலைகளில் பறக்கும் பஞ்சுத் தூசி ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் மூச்சுக்குழாய் சுருங்கும். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகினால், அது 'பிசினோசிஸ்' எனும் பஞ்சுத் தூசி நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

தூசியும் புகையும் நுரையீரலில் செல்களைச் சிதைக்கும் வேதிப்பொருட்களைப் பெருக்குகின்றன. அவற்றை அடக்குபவை ஆன்டிஆக்சிடன்ட்கள். ஆடாதோடை, தூதுவளை, துளசி, மஞ்சள் ஆகியவற்றில் இத்தன்மை இருப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்துள்ளது.

இலையிலிருந்து மருந்து

ஆடாதோடை இலையில் உள்ள வாசிசின் சளியை இளக்கும். இதை அடிப்படையாக வைத்து உருவானதுதான் புரோம்ஹெக்சின். அதன் வழிவந்தது அம்ப்ராக்சால். மருந்துக்கடையில் வாங்கும் பல இருமல் சிரப்புகளில் இன்று இவை இருக்கின்றன.

மஞ்சளின் குர்குமின் உடலில் எளிதில் சேராது. மிளகின் பைப்பரினுடன் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்ததாக, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998ல் வெளியிட்டனர். மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடும் நம் வழக்கம் வீண் இல்லை.

வேலியோரம் போதும்

ஆடாதோடைக்குத் தனி நிலம் வேண்டாம். ஆடு, மாடு கடிக்காது என்பதால் வேலிக்கு ஏற்றது. 3, 4 கணுக்கள் உள்ள முதிர்ந்த தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி மழைக்காலத்தில் நட்டால் வேர் பிடிக்கும். தண்ணீர் தேங்கக் கூடாது. இலையை நிழலில் உலர்த்த வேண்டும். விற்பனைக்கு என்றால், வாங்குபவரிடம் பேசிவிட்டுப் பரப்பைக் கூட்டுங்கள்.

எச்சரிக்கை அவசியம்

ஆய்வகத்தில் தெரியும் பலன் எல்லாம் நோயாளியிடம் கிடைத்துவிடாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29 ஆயிரம் பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994ல் வெளியானது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. எனவே 'இயற்கைதானே' என்று அளவு மீறக் கூடாது. ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். இன்ஹேலர் பயன்படுத்துவோர் அதை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்.

தறிக்கூடத்தில் தூசியை வெளியேற்ற விசிறி, வேலை செய்பவருக்கு முகக்கவசம்; இவைதான் முதல் மருந்து. தூசியை அப்படியே விட்டுவிட்டுக் கஷாயம் குடிப்பது, வரப்பு உடைந்த வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான்.