அம்மம்மாவின் முகமும் ஒரு தோள்பை பிளாஷும்



போன எபிசோடின் கடைசியில் பிளாஷ் பற்றி நாலு வசனம் சொல்லிப்போட்டு ஓடிவிட்டேன். அதை ஒழுங்காய் எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். எழுதுகிறேன், ஆனால் முதலில் நான் கோட்டை விட்ட கதை.

போன வருஷம் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தா. 90 நாள். ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். 2002-ல் குடமுழுக்கு நடந்த கோயில், தொழிற்பேட்டைக்கு நடுவில் 17 மீற்றர் கோபுரம், தேர் நாளில் ஆயிரக்கணக்கில் எங்கட சனம். உங்களில் பாதிப்பேர் சின்ன வயதில் அங்கே கச்சான் சாப்பிட்டிருப்பீர்கள். நல்ல சேலை, நல்ல கோபுரம், நல்ல வெயில். மத்தியானம் 12 மணிக்கு கோபுரம் பின்னால் தெரிய அவவை நிற்பாட்டி, கமராவுக்கு மேலேயே பிளாஷைக் குத்தி, 40 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாத்திலும் கண் இரண்டும் கறுப்புக் குழி. சேலைக் கரை மட்டும் தகதகவென்று மின்னுது. இடையில் வாய்க்கால் கரையில் ஒரு குடையை விரித்துப் பார்த்தேன். காற்று அதைப் பட்டமாய்க் கொண்டுபோய்விட்டது. அவவுக்கு 84 வயது, இனி இவ்வளவு தூரம் பறக்கமாட்டா. அப்போ நான்தான் போகவேணும், போகும்போது இந்தப் பிழையையும் கொண்டுபோகக் கூடாது.

சரி, என்ன பிழை?

ஜெர்மன் மொழியில் பிளாஷுக்கும் மின்னலுக்கும் ஒரே சொல்தான், பிளிட்ஸ். 1887-ல் பெர்லினில் அடோல்ஃப் மீத்தே, யோஹான்னஸ் கேடிக்கே என்ற இரண்டு பேர் மக்னீசியத் தூள் கலவை ஒன்றைச் செய்தார்கள். கொளுத்தினால் ஒரு வெடி, ஒரு வெளிச்சம், அறை முழுக்கப் புகை. அந்தத் தூள் ஒரு தட்டில், கமராவில் இருந்து தள்ளித்தான் எரியும். கமராவின் தலையில் பிளாஷைப் பூட்டும் பழக்கம் பிறகு வசதிக்காக வந்தது. நெற்றியில் டோர்ச் கட்டிக்கொண்டு ஒருவரைப் பார்த்தால் அவர் முகம் தட்டையாய்த் தெரியும், ஏனென்றால் நிழல் எல்லாம் அவருக்குப் பின்னால் ஒளிந்துவிடும். பிளாஷைப் பக்கவாட்டில் 45 பாகைக்குக் கொண்டுபோனால் மூக்கு மூக்காகவும் கன்னம் கன்னமாகவும் தெரியத் தொடங்கும். கமராவை விட்டு பிளாஷைக் கழற்றுவதன் முழுக் காரணமும் இதுதான்.

இனி உங்களில் கோட் எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கிற பகுதி. ஒரு படத்துக்குள் இரண்டு வெளிச்சம் இருக்கிறது: சூரியனுடையது ஒன்று, உங்களுடையது ஒன்று. பிளாஷ் மின்னுவது ஆயிரத்தில் ஓரிரு பங்கு செக்கனுக்குத்தான், அதனால் ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் பிளாஷின் பங்கு மாறாது. ஷட்டர் சூரியனை மட்டும் கட்டுப்படுத்தும். அப்பெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். பிளாஷின் சக்தியும் தூரமும் பிளாஷை மட்டும். அதனால் முதலில் பிளாஷை அணைத்துவிட்டு, பின்னணி ஒரு ஸ்டொப் இருட்டாய் வரும்படி கமராவைச் செற் பண்ணுங்கோ. பிறகு அதைத் தொடாமல் பிளாஷைப் போட்டு முகத்தை மேலே கொண்டுவாங்கோ. இரண்டையும் ஒரேநேரத்தில் மாற்றினால் எந்த மாற்றம் எதைச் செய்தது என்று தெரியாது. டிபக் பண்ணுகிற அதே ஒழுக்கம்தான்.

ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. கமராவின் ஷட்டர் இரண்டு திரைகள். 1/200 அல்லது 1/250 வரைக்கும்தான் சென்சர் முழுதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதைவிட வேகமாய்ப் போனால் இரண்டு திரைக்கும் நடுவில் ஒரு கீறல் மட்டும் ஓடும், பிளாஷ் அந்தக் கீறலில் மட்டும் விழும், படத்தில் பாதி கறுப்பு. மத்தியான வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200 என்றால் எஃப் 11 வேணும். ஆனால் எங்கள் எல்லாருக்கும் பின்னணி மங்கலாய் வர எஃப் 2.8 தான் ஆசை. அது நாலு ஸ்டொப் வித்தியாசம்.

இதற்கு இரண்டு வழி. ஹைஸ்பீட் சிங்க்: கீறல் ஓடி முடியும்வரை பிளாஷ் விடாமல் படபடவென்று துடிக்கும். வேலை செய்யும், ஆனால் சக்தியைத் தின்னும். ஷட்டர் வேகம் இரட்டிக்க இரட்டிக்க பிளாஷின் பங்கு பாதியாகும். ஹமில் நான் செய்தது இதுதான், 1/3200-ல், நாலு சின்னப் பற்றரி போட்ட ஒரு குட்டி பிளாஷோடு. வெயிலுக்கு முன்னால் அது மெழுகுதிரி. ஒவ்வொரு படத்துக்கும் அது சார்ஜ் ஆக அம்மம்மா வெயிலில் காத்துக்கொண்டு நின்றா. இப்போதும் அதை நினைத்தால் வெட்கம். மற்ற வழி என்டி ஃபில்டர், லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஷட்டர் 1/200-லேயே இருக்கும், பிளாஷும் ஒரே வெடியாய் முழுச் சக்தியில் அடிக்கும். பணமும் குறைவு. நான் என்டி கட்சி.

இனி பை. என் வரம்பு 400 யூரோ, கபினுக்குள் போகவேணும்.

நான் எடுத்தது கோடாக்ஸ் ஏடி200, கிளைனன்சைகனில் பாவித்தது. 200 வாட்-செக்கன். கமராவில் குத்துகிற சாதாரண பிளாஷ்கள் 60, 75 அளவில் நிற்கும். வித்தியாசம் ஒன்றரை ஸ்டொப்தான், ஆனால் வெயிலோடு மல்லுக்கட்டும்போது அந்த ஒன்றரைதான் வெற்றி தோல்வி. பற்றரி 14.4 வோல்ட், 2900 மில்லி அம்பியர்-மணி. பெருக்கினால் ஏறக்குறைய 42 வாட்-மணி, அதாவது 150,000 ஜூல். 500 முழு வெடி தரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, அது 100,000 ஜூல். மிச்சம் சூடாய்ப் போகும். கணக்கு நம்பக்கூடிய இடத்தில் நிற்கிறது, சரியோ? விமானத்தில் 100 வாட்-மணிக்குக் கீழே உள்ள லித்தியம் பற்றரி கைப்பையில் போகலாம். மேலதிக பற்றரியைக் கட்டாயம் கைப்பையில்தான் வைக்கவேணும், முனைகளுக்கு டேப் ஒட்டி.

ட்ரிகர் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும், உங்கட வைஃபையின் அதே தெரு. தேர்க்கூட்டத்தில் ஆயிரம் போன் இருக்கும் இடத்தில் விட்டு விட்டு மின்னினால் சனல் மாற்றுங்கோ. ஸ்டாண்ட், குடை எதுவும் போதும். ஒரு மீற்றர் வெள்ளைக் குடை. மண்மூட்டை சுமக்காதீர்கள், வெறும் பையைக் கொண்டுபோய் அங்கேயே தண்ணிப் போத்தலால் நிரப்புங்கோ. அதைவிட நல்லது ஒரு மச்சான்.

குடை ஏன் பெரிசாய் வேணும் என்பதில் கொஞ்சம் நிற்கிறேன், இது எங்கட தோல் சம்பந்தப்பட்டது. கொடாக் கொம்பனியின் நிறச் சோதனை அட்டைகளில் பல காலம் வெள்ளைத் தோல் பெண்தான் இருந்தா, ஷேர்லி கார்ட் என்று பெயர். லாப்கள் அவவின் முகத்துக்கே நிறத்தைச் சரிபார்த்தன. இன்றைக்கு எங்கட கலியாணப் படக்காரர் சிலர் அதே வேலையை வேறு விதமாய்ச் செய்கிறார்கள்: மணப்பெண்ணை இரண்டு ஸ்டொப் வெளுக்க விட்டுவிட்டு, அதற்கு மேலே பவுடர் மாதிரி எடிட்டும். எனக்குப் பத்திக்கொண்டு வரும். கறுத்த தோலில் வடிவம் தெரிவது பெரும்பாலும் அதன் பளபளப்பில்தான். சின்ன பிளாஷ் அந்தப் பளபளப்பை நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளியாக்கும். பெரிய குடை அதையே கன்னமெல்லாம் பரவின மென்மையான ஒளியாக்கும். நிறத்தை மாற்றத் தேவையில்லை, விளக்கைப் பெரிசாக்கிக் கிட்டக் கொண்டுவந்தால் போதும். கிட்ட என்றால் உண்மையாகவே கிட்ட: 2 மீற்றரில் இருந்து 1 மீற்றருக்கு வந்தால் வெளிச்சம் நாலு மடங்கு.

ஜெர்மனியில் வெளியே எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 1907-ன் கலைப் பதிப்புரிமைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒருவரின் படத்தை வெளியிட அவரின் சம்மதம் வேணும். ஊர்வலம், கூட்டம் போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் தேர் இழுக்கிற ஒரு அன்ரியைத் தனியாய்ப் பிடித்து இன்ஸ்டாவில் போடுவது அதற்குள் அடங்கும் என்று நினைக்காதீர்கள். கேட்டுவிட்டு எடுங்கோ. கோயிலுக்குள்ளே நான் பிளாஷைத் திறப்பதே இல்லை.

தை மாதம் யாழ்ப்பாணம் போனேன். பின்னேரம் நாலரை மணி, முற்றத்து மாமரத்து நிழலில் அம்மம்மா கதிரையில். பின்னால் வெயில் விழுந்த கிணற்றடி. 1/200, ஐஎஸ்ஓ 100, மூன்று ஸ்டொப் என்டி, எஃப் 4. பிளாஷ் அரைச் சக்தி, குடை ஒரு மீற்றர் தூரத்தில், மச்சான் கையில்.

"ஏன் ராசா குடை பிடிக்கிறாய், மழை வரேல்லையே?"

அந்தக் கேள்வி முடியும்போது அமத்தின படம்தான் நல்லாய் வந்தது. மொத்தம் 11 படம், ஐந்து நிமிஷம். கமராத் திரையில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வடிவாய்ப் பார்த்தா. "இது நல்லாயிருக்கு. நான் போனபிறகு இதைக் கொழுவுங்கோ, அந்த பாஸ்போட் படத்தைப் பெரிசாக்கிப் போடாதையுங்கோ" என்றா. மாமா பேசத் தொடங்கினார், இப்ப ஏன் இந்தக் கதை என்று. அவ கேட்கவில்லை, மற்றப் படங்களையும் காட்டச் சொன்னா.

30-க்கு 45 சென்ரிமீற்றரில் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். இப்போதைக்கு அது அவவின் அலுமாரிக்குள், சேலைகளுக்கு நடுவில் இருக்கிறதாம்.