சென்னை - இலண்டன் வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சென்னை - இலண்டன் வான்வழித் தொலைவு என்பது மீனம்பாக்கம், ஈத்ரோ ஆகிய இரு வானூர்தி நிலையங்களுக்கும் இடையே புவிப்பரப்பின் மீது அளக்கப்படும் மிகக் குறுகிய தொலைவு ஆகும். இது ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர். இத்தொலைவு மாறாதது, ஆனால் இதைக் கடக்க ஆகும் நேரம் திசை, பருவம், வான்வெளி அனுமதி ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

தொலைவைக் கணித்தல்

புவியைக் கோளமாகக் கொண்டு, அதன் மையத்தையும் இரு ஊர்களையும் உள்ளடக்கிய தளத்தால் வெட்டினால் கிடைக்கும் வட்டம் பெருவட்டம் எனப்படும். அவ்வட்டத்தின் சிறிய வில்லே மிகக் குறுகிய வழி. சென்னை 13° வடக்கு, 80° கிழக்கிலும், ஈத்ரோ 51.5° வடக்கு, 0.5° மேற்கிலும் உள்ளன. இவற்றுக்கிடையேயான மையக் கோணம் ஏறத்தாழ 74°. இதை ரேடியனாக மாற்றிப் புவியின் ஆரமான 6,371 கிலோமீட்டரால் பெருக்கினால் மேற்கண்ட தொலைவு கிடைக்கும்.

வகுப்பறைச் சுவரில் தொங்கும் மெர்காட்டர் நிலப்படத்தில் இவ்விரு நகரங்களையும் அளவுகோலால் இணைத்தால் கோடு ஓமான் வளைகுடாவின் மேலாகச் செல்லும். அவ்வழி ஏறத்தாழ 240 கிலோமீட்டர் கூடுதல். பெருவட்ட வழியோ பாக்கித்தான் வழியாக வடக்கே வளைந்து, நடுவழியில் காசுப்பியன் கடலைக் கடக்கிறது. படத்தில் வளைவாகத் தெரிவதே உண்மையில் குறுகியது.

பயண நேரம்

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் கணக்கிட்டால் 9 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நடைமுறையில் இலண்டனுக்குச் செல்ல ஏறத்தாழ 11 மணி நேரமும், திரும்பி வர ஏறத்தாழ 10 மணி நேரமும் ஆகின்றன. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டமே இவ்வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம். இக்காற்று குளிர்காலத்தில் வலுக்கும். வழிநெடுகச் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று இருந்தாலே போக்குக்கும் வரவுக்கும் ஒரு மணி நேர வேறுபாடு ஏற்பட்டுவிடும்.

வானூர்திகள் பெருவட்டத்தை அப்படியே பின்பற்றுவதும் இல்லை. உக்ரைன் இவ்வழியில் அமைந்துள்ளது. 2022 பெப்ரவரியில் போர் தொடங்கியதும் அதன் வான்வெளி பயணிகள் வானூர்திகளுக்கு மூடப்பட்டது. 2019 பெப்ரவரி முதல் சூலை வரை பாக்கித்தான் வான்வெளியில் இருந்த தடையாலும் பல வானூர்திகள் சுற்றிச் செல்ல நேர்ந்தது.

பயணச்சீட்டில் உள்ள நேரம்

பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே அச்சிடப்படும். இலண்டன் குளிர்காலத்தில் இந்தியாவைவிட ஐந்தரை மணி நேரமும், கோடைகாலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியது. எனவே சனவரியில் காலை 5:30க்குப் புறப்பட்டு, 11 மணி நேரம் பறக்கும் வானூர்தி இலண்டன் நேரப்படி அன்றே காலை 11:00 மணிக்குச் சேரும். இரண்டையும் கழித்துப் பார்ப்பவர் பயணம் ஐந்தரை மணி நேரம் என்றே எண்ணுவார்.

விழுப்புரம் மாவட்டம் கண்டாச்சிபுரத்திலிருந்து கிளம்புபவருக்குக் கணக்கு இன்னும் நீளும். விழுப்புரம், திண்டிவனம் வழியாக மீனம்பாக்கம் சேர 3 முதல் 4 மணி நேரம் ஆகும். பன்னாட்டுப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். காலை 5:30 வானூர்திக்கு அவர் முதல் நாள் இரவு 10:30 மணிக்கே வீட்டைவிட்டுப் புறப்படுவது நல்லது.