சிங்கமா, புலியா: சண்டையில் யார் கை ஓங்கும்?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறும் ஏலக்காய்ச் சரிவுகளில் இந்தப் பந்தயம் நடக்கவே நடக்காது. இங்கே சிங்கம் இல்லை. ஆசியச் சிங்கம் இன்று காட்டில் வாழ்வது குஜராத்தின் கிர் வட்டாரத்தில் மட்டும். புலிக்கோ தேனி மாவட்டத்திலேயே காப்பகம் உண்டு: 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை.

எடையில் புலி முந்தும். ஆண் வங்கப்புலி சுமார் 180 முதல் 250 கிலோ. ஆண் ஆசியச் சிங்கம் 160 முதல் 190.

அப்படியானால் புலிதானே வெல்லும்? அவசரம் வேண்டாம். புலி தனியாகப் பதுங்கிப் பாய்வது. காயம்பட்டால் பட்டினி என்பதால் வீண்சண்டையைத் தவிர்க்கும். ஆண் சிங்கமோ எல்லையைக் காக்க மற்ற ஆண்களோடு மோதும். பல நேரம் கூட்டாளியும் துணைக்கு வரும். ஒற்றைக்கு ஒற்றை நின்றால் வயதும் எடையும் அனுபவமும்தான் தீர்ப்புச் சொல்லும்.