கத்திக்கு ஒரு வயது, உறைக்கு ஒரு வயது!

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே மதில்போல் நிற்கிறது காகசஸ் மலைத்தொடர். 19-ம் நூற்றாண்டில் அந்த மலைநாட்டு ஆண்களின் உடையில் இடுப்புக் குத்துவாளும் ஒரு பகுதி. ரஷ்யர்கள் அதைக் "கிஞ்சால்" என்பார்கள். அவர்களுடைய கொசாக் குதிரை வீரர்களும் அதை இடுப்பில் செருகிக் கொண்டனர்.

இன்று இந்தக் கத்திகள் பழம்பொருள் வியாபாரத்துக்கு வந்து விட்டன. "இருநூறு வருஷத்துச் சரக்கு" என்று வியாபாரி சத்தியம் செய்வார். சொன்னதை நம்பிப் பணத்தைக் கொடுப்பதா? கத்தியையே விசாரித்து விடலாமே!

அடையாளம் என்ன?

அலகு நேரானது, இரு பக்கமும் கூர் உண்டு, முனை ஊசிபோல் நீண்டிருக்கும். கைக்காப்பு கிடையாது. கைப்பிடி நடுவில் ஒடுங்கி, இரண்டு குமிழ் ஆணிகளுடன் இருக்கும். அலகில் நீளவாட்டில் பள்ளம் ஓடும். பல கத்திகளில் ஒரு பக்கத்துப் பள்ளம் மறுபக்கத்துப் பள்ளத்துக்கு நேர் எதிரே இராமல் சற்று விலகி இருக்கும். எடை குறைய வேண்டும், வலு குறையக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

பல கைகள் செய்த வேலை

தாகெஸ்தான் பகுதியில் குபாச்சி என்ற கிராமம் வெள்ளி வேலைக்குப் புகழ் பெற்றது. பக்கத்து ஊரான அமுஸ்கியில் அலகு அடிப்பார்கள். குபாச்சியில் அதற்கு அலங்காரம் செய்வார்கள். தாத்தாவின் அலகுக்குப் பேரன் புது உறை போடுவதும் உண்டு. ஆகவே அலகு, கைப்பிடி, உறை மூன்றுக்கும் தனித்தனியே வயது பார்க்க வேண்டும்.

முத்திரை சொல்லும் சேதி

நம் தட்டார் தங்கத்துக்கு மாற்றுப் பார்ப்பதுபோல ரஷ்ய அரசு வெள்ளிக்குத் தர முத்திரை குத்தியது. கலப்பற்ற வெள்ளி 96. "84" என்றால் ஆயிரத்துக்கு 875 பங்கு வெள்ளி. முத்திரையில் தலையணி தரித்த பெண்முகம் இடப்புறம் நோக்கினால் 1908-க்கு முந்திய சில ஆண்டுகள். வலப்புறம் நோக்கினால் அதற்குப் பிந்தியது. சுத்தியலுடன் தொழிலாளி தலையும் "875" என்ற எண்ணும் இருந்தால் 1927-க்குப் பிந்திய சோவியத் காலத்து வேலை. ஆனால் இது வெள்ளியின் வயதுதான். உள்ளே இருக்கும் அலகின் வயதல்ல!

அலகில் அரபு எண்களில் ஹிஜ்ரி ஆண்டு இருக்கலாம். நூற்றுக்கு மூன்று வீதம் கழித்து 622-ஐக் கூட்டுங்கள். 1311 என்றால் 39 போக 1272. அதோடு 622 சேர்த்தால் 1894. ஓராண்டு முன்பின் இருக்கலாம்.

ஆனால் ஆண்டையும் பிற்காலத்தில் பொறிக்க முடியும். எனவே பூதக்கண்ணாடியை எடுங்கள். தங்கக் கம்பி பதித்த பழைய வேலையில், தங்கம் தேய்ந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் தெரியும். தங்கம் பிடித்து நிற்பதற்காகப் போட்ட கீறல்கள் அவை. வெறும் முலாமுக்கு அவை தேவையில்லை. உளியால் வெட்டிய பூவேலையில் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். அமிலம் அரித்ததில் ஒரே மட்டமாக இருக்கும்.

கீறலைக் கண்டதுமே பழசு என்று முடிவு கட்டி விடாதீர்கள். "கோப்த்கரி" என்ற இதே வகைத் தங்கப் பதிப்பு வேலை ராஜஸ்தானத்து உதயப்பூரில் இன்றும் நடக்கிறது. தேய்மானம், முத்திரை, எழுத்து எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகிறதா என்பதே கேள்வி.

துலக்காதீர்கள்!

வெள்ளிப் பூவேலையின் பள்ளங்களில் உள்ள கறுப்பு, அழுக்கு அல்ல. வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் கலந்து உருக்கி வேண்டுமென்றே நிரப்பியது. அதைப் புளி போட்டுத் தேய்ப்பதும், அலகை உப்புத்தாளால் பளபளப்பாக்குவதும் சாட்சியை அழிக்கும் காரியம். மெல்லிய எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் அலகைத் துடைத்து வைத்தால் போதும்.

வியாபாரியின் வாய் எதையும் சொல்லும். துலக்காத கத்தி தன் வயதை மறைக்காது.