கண்மாய் நத்தையும் கண்ணாடித் தொட்டியும்

செண்பகத்தோப்புக் காட்டிலிருந்து இறங்கும் ஓடைகளுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் உயிர் வரும். அந்தத் தண்ணீர் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துக் கண்மாய்களில் தேங்கும். சித்திரை, வைகாசி ஆனால் பல கண்மாய்களில் வெடித்த வண்டல்தான் மிஞ்சும். ஆனால் அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறியதும் கரையோரத்தில் மறுபடி நத்தை ஊர்கிறது. ‘ஒரே ஒரு நத்தைதான் விட்டேன், இப்போது தொட்டி முழுக்க நத்தை’ என்று வியக்கும் மீன் வளர்ப்பவர்களுக்கு விடை இந்தக் காய்ந்த கண்மாயில்தான் இருக்கிறது. தண்ணீர் எப்போது வரும், எத்தனை மாதம் நிற்கும் என்று நிச்சயமில்லாத இடத்தில் இனம் தப்பிப் பிழைக்க உருவான வழிகளைத்தான் நத்தை கண்ணாடித் தொட்டிக்குள்ளும் கடைப்பிடிக்கிறது. தொட்டிக்குக் கோடை கிடையாது என்பது அதற்குத் தெரியாது.

மீன் கடைகளில் ‘மலேசிய நத்தை’ என்று சொல்லப்படும் ஒன்று உண்டு. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம், கூரான திருகு ஓடு. பெயர்தான் மலேசியா, நம் ஊர்க் குளங்களிலும் வாய்க்கால்களிலும் காலங்காலமாக இருப்பது. டென்மார்க்கைச் சேர்ந்த ஓ. எஃப். முல்லர் 1774-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, கிடைத்த இடமாகக் குறித்தது சோழமண்டலக் கரையைத்தான். அந்தக் கரையில் தரங்கம்பாடி அப்போது டென்மார்க்காரர்களிடம் இருந்தது. மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா என்பது இன்று அதன் அறிவியல் பெயர்.

இந்த நத்தைகளில் ஏறக்குறைய எல்லாமே பெண். ஆண் மிக அரிது, தேவையும் இல்லை. விந்தணு சேராமலே முட்டை கருவாகிவிடும். உயிரியலில் இதைக் கன்னி இனப்பெருக்கம் என்பார்கள். முட்டையை வெளியே இடுவதும் இல்லை. தாயின் தலைக்குப் பின்னால் கழுத்துப் பகுதியில் ஒரு பை இருக்கிறது. கருக்கள் அதற்குள்ளேயே வளர்ந்து, ஓடும் கட்டிக்கொண்டு, கழுத்தின் வலப்பக்கத் துளை வழியாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குட்டிகளாக வெளியே வருகின்றன. பிறந்த கணத்திலிருந்து தானே மேயும். பகலில் மணலுக்குள் புதைந்து கிடப்பதால் பெருகுவது கண்ணில் படாது. இரவு விளக்கை அணைத்துச் சற்று நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், கண்ணாடியெல்லாம் நத்தையாக இருக்கும். வெள்ளத்தில் ஒற்றை நத்தை அடித்துச் செல்லப்பட்டாலும் போய்ச் சேர்ந்த குளத்தில் ஒரு குலமே தழைக்கும். இப்படித்தான் இது அமெரிக்கக் கண்டம் வரை பரவியது. கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில், மனிதரைத் தாக்கும் ரத்தப்புழு நோயைப் பரப்பிய வேறொரு நத்தையை ஒடுக்க இதையே நீர்நிலைகளில் விட்டார்கள். அங்கே அது நன்மை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலோ, ஆசியாவிலிருந்து போன இதே இனம் உள்ளூர் வகைகளை நெருக்குகிறது.

பெரிய உருண்டை நத்தைக்கு வேறு வழி. மூலத்துக்கு நல்லது என்று நம்மவர்கள் பிடித்துச் சமைப்பதும், கல்லூரி விலங்கியல் மாணவர்கள் ‘பைலா’ என்று படிப்பதும் இதைத்தான். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் பெய்னி பிரஷாத் 1925-லேயே இதன் உடலமைப்பை விரிவாக எழுதிவிட்டார். இதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. கோடையில் ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் உறங்கும். மழை வந்ததும் எழுந்து இணைசேரும். ஆண் வேறு, பெண் வேறு. நீரில் வாழ்ந்தாலும் பெண் கரையேறி ஈர மண்ணில் பள்ளம் பறித்து 200 முதல் 800 வரை வெள்ளை முட்டைகளை இடும். தண்ணீருக்குள் முட்டையிட்டால் மீன் தின்னும், சேற்று நீரில் பிராணவாயுவும் போதாது.

தொட்டிக்காக விற்கும் மஞ்சள் ‘மிஸ்டரி’ நத்தை இதன் தென் அமெரிக்க உறவு. அதுவும் இரவில் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி, கண்ணாடியிலோ மூடியின் அடியிலோ வெளிர் சிவப்பில் முட்டைக் கொத்தை ஒட்டும். குஞ்சு வேண்டுமென்றால் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். கொத்து நனைந்து ஊறினாலும் கெடும், வறண்டாலும் கெடும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பொரியும். தனியாக வாங்கிய பெண் நத்தை மாதங்கள் கழித்தும் பொரியக்கூடிய முட்டை இடலாம். முன்பே வாங்கிய விந்தணுவை உடலில் சேமித்து வைத்திருக்கும்.

வளர்க்கச் சலித்துப்போய் மிஸ்டரி நத்தையைக் கண்மாயில் கொட்டுவது பெரும் தவறு. இதன் நெருங்கிய உறவான தங்க ஆப்பிள் நத்தையை உணவுக்கென்று 1980 வாக்கில் தைவானுக்குக் கொண்டுவந்தார்கள். விற்பனை படுத்தது, நத்தை வயலில் இறங்கியது. பிலிப்பைன்ஸ், வியட்நாம், ஜப்பான் என்று நாற்று நடும் நாடுகள் இன்றும் அதனோடு போராடுகின்றன. அதன் முட்டையில் நரம்பைத் தாக்கும் நஞ்சு இருப்பதால் அதைத் தொடும் விலங்குகள் மிகக் குறைவு. வலசைப் பறவைகளும் நெல்லும் நம்பியிருக்கும் கண்மாய்களில் அப்படி ஒரு உயிர் நுழைய நாம் காரணமாகிவிடக் கூடாது. காட்டு ஓடையிலிருந்து நத்தை எடுத்து வருவதும் கூடாது. செண்பகத்தோப்பு 1988-லிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-லிருந்து புலிகள் காப்பகமும்கூட.

கேட்காமலே வந்து சேரும் விருந்தாளி தட்டைச் சுருள் நத்தை. ஒவ்வொன்றும் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும். இரண்டு சேர்ந்தால் இரண்டுமே முட்டையிடும்; துணையே கிடைக்காவிட்டால் தானே தன்னைக் கருவுறச் செய்துகொள்ளும். முட்டைகள் தெளிந்த ஜவ்வுக்குள் பொதிந்து இலையின் அடியில் ஒட்டியிருக்கும். குளத்துப் பாசியைப் பறித்துத் தொட்டியில் போடும்போது நம் கண்ணுக்குத் தப்புவது அந்த ஜவ்வுதான். இந்தக் குடும்பத்தின் இந்திய வகை மாட்டு நோய் ஒன்றையும் சுமக்கிறது. மாட்டின் மூக்கு ரத்தக்குழாய்களில் தங்கி மூச்சை அடைக்கும் ரத்தப்புழுவைச் சென்னையில் எம். ஏ. என். ராவ் 1933-ல் விவரித்தார்; அதன் இளம்பருவம் வளர்வது இந்த நத்தைக்குள்தான். நாற்றங்காலில் இறங்குவோருக்கு வரும் அரிப்புக்கும் இத்தகைய புழுக்கள் ஒரு காரணம். தாயிடமிருந்து முட்டைக்கு இந்தப் புழு போவதில்லை என்பதால் தொட்டியிலேயே பிறந்த நத்தையைப் பற்றி அச்சம் வேண்டாம். கண்மாயிலிருந்து பிடித்ததை விடாமலிருந்தால் போதும்.

தொட்டியில் நத்தை பெருத்துவிட்டது என்றால் மீனுக்குப் போடும் தீனி மிஞ்சுகிறது என்று அர்த்தம். தீனியைக் குறையுங்கள், சில வாரங்களில் பிறப்பு தானே குறையும். செப்பு கலந்த மருந்தை ஊற்றினால் நத்தை சாகும். ஆனால் மணலுக்குள் செத்தவை அழுகி மீனையும் கொல்லும். குஞ்சே வேண்டாம், பாசி மட்டும் சுத்தமானால் போதும் என்பவர்கள் கோடு போட்ட நெரைட் நத்தையை வாங்கலாம். அதன் குஞ்சுகள் வளர உப்பு கலந்த கழிமுக நீர் வேண்டும். நன்னீர்த் தொட்டியில் அது இடும் வெள்ளைப் புள்ளிகள் நத்தையாவதில்லை. பழைய பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம்.