கடல் கடக்கும் முன்

இலங்கையின் வடகரை தமிழகத்திற்கு மிகவும் அண்மையில் உள்ளது. ஆதலால், காலையில் புறப்பட்டு அக்கரையைக் கண்டு மாலையில் மீளலாம் என்னும் எண்ணம் கயத்தாறு போன்ற ஊர்களில் வாழும் மாணவர்க்குத் தோன்றுதல் இயல்பே. ஆயினும், கடற்பயணத்தைத் தரைவழிப் பயணம்போல் கருதுதல் ஆகாது.

கயத்தாற்றுக்கு அண்மையிலுள்ள தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல்கள் முற்காலத்தில் சென்று வந்தன. 1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தோற்றுவித்து அவ்வழியில் கப்பல் ஓட்டினார். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அவ்வூரை நோக்கிச் சென்ற புகைவண்டியும், அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரும் கடலுக்கு இரையாயினர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பலும் அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுவிட்டது.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தைச் சார்ந்த காங்கேசன்துறைக்கு 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கப்பல் விடப்பட்டது. வடகிழக்குப் பருவமழை நெருங்கியமையால் அது சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டு, 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மீண்டும் தொடங்கியது. கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அதனைக் கடக்க நான்கு மணிநேரம் ஆகும்.

இனிக் கணக்கிட்டுப் பார்ப்போம். போகவும் வரவும் எட்டு மணிநேரம் கடலிலேயே கழியும். துறைமுகச் சோதனைகளுக்கு மேலும் சில மணிநேரம் வேண்டும். கயத்தாற்றிலிருந்து நாகப்பட்டினம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. ஆகவே, நல்லூர்க் கந்தசாமி கோயில், யாழ்ப்பாணப் பொது நூலகம், கீரிமலை ஊற்று ஆகியவற்றை அக்கரையில் ஒருநாள் காண விரும்பும் குழுவினர் நான்கு நாள்களையேனும் ஒதுக்குதல் வேண்டும். அவற்றுடன் மிகையாக ஒருநாளும் கையிருப்பில் இருத்தல் நலம்; காற்று மிகுந்தால் கப்பல் புறப்படாது.

இலங்கை வேற்று நாடாதலின், குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடவுச்சீட்டு வேண்டும். அந்நாட்டின் நுழைவு அனுமதியையும் பெறுதல் வேண்டும். இவற்றைப் பெறச் சில வாரங்கள் ஆகலாம். நாற்பதின்மர் செல்லும் குழுவில் ஒருவரிடம் கடவுச்சீட்டு இல்லையெனினும் அவர் கரையிலேயே நிற்க நேரிடும். பயண மூட்டைக்கு எடைவரம்பு உண்டு. கடற்குமட்டல் உடையோர் புறப்படுமுன் எளிய உணவு கொள்ளுதல் நன்று.

பதின்மருக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளரை அமைத்தல் வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் தம் குழுவினரை எண்ணிப் பார்த்தல் இன்றியமையாதது. தரையில் ஒரு பேருந்து தவறினால் மற்றொன்று வரும். கடலில் அவ்வாறு அன்று. கப்பல் தவறியவர் வேற்று நாட்டில் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க நேரும்.

புயற்குறி ஏற்றப்பட்டால், எத்துணை ஆவலுடன் வந்திருப்பினும், பயணத்தை விடுத்து இல்லம் திரும்புவதே அறிவுடைமை. அக்கரை எங்கும் சென்றுவிடாது. அதனை மற்றொரு பருவத்திற் காணலாம். புறப்பட்டோர் அனைவரும் நலமே இல்லம் மீள்வதற்கு வழிவகுப்பதே நல்ல பயணத்திட்டமாகும்.